வீட்டுக்கு வாருங்கள், முகவரி 192.168.1.5

பழைய மடிக்கணினி ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. அதன் ஹார்ட் டிஸ்க்கில் பத்துப் பதினைந்து வருடத்துப் புகைப்படங்கள், கல்யாண வீடியோக்கள், ஸ்கேன் செய்த பத்திரங்கள். அதில் கோப்புகளைப் பரிமாற உதவும் ஒரு எஃப்.டி.பி. சர்வரை நிறுவிவிட்டால் வெளியூரில் இருக்கும் மகளோ தம்பியோ வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொள்வார்கள் என்று தோன்றும். இலவச மென்பொருள் உண்டு, நிறுவவும் அதிக நேரம் ஆகாது. வீட்டுக்குள்ளேயே இன்னொரு கணினியிலிருந்து சோதித்தால் கோப்புகள் மளமளவென்று வந்து விழும். ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் 21 என்ற போர்ட்டைத் திறந்துவிட்டு வெளியிலிருந்து முயலும்போதுதான் விசித்திரம் ஆரம்பிக்கும்.

பெயர் கேட்கும். கடவுச்சொல் கேட்கும். சரி, உள்ளே வாருங்கள் என்று வரவேற்கும். கோப்புப் பட்டியலைக் காட்டு என்றதும் வாயடைத்துப்போகும். கொஞ்ச நேரம் காத்திருந்தால் இணைக்க முடியவில்லை என்று ஒற்றை வரி வரும், அவ்வளவுதான்.

முழுத் தோல்வி என்றால் புரிந்துகொள்ளலாம். ஃபயர்வால் தடுக்கிறது என்றால் கடவுச்சொல் எப்படி உள்ளே போனது? தடுக்கவில்லை என்றால் பட்டியல் ஏன் வெளியே வரவில்லை? இந்தப் பாதி வெற்றிக்குக் காரணம் தேடினால், வீட்டில் ரூட்டர் என்ற பொருளே இல்லாத ஒரு காலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

எஃப்.டி.பி.யின் முதல் வரைவு 1971 ஏப்ரலில், ஆர்.எஃப்.சி. எனப்படும் வலைத் தொழில்நுட்ப ஆவணங்களின் வரிசையில் 114 என்ற எண்ணோடு வெளியானது. எழுதியவர் அபய் பூஷண். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் 1965-இல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போனவர். இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் அப்போது இருந்த கணினிகளை ஒரு தாளில் பெயர் எழுதி முடித்துவிடலாம். எல்லாம் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இருந்தவை. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ரகங்கள். ஒன்றில் ஓர் எழுத்துக்கு இத்தனை பிட் என்றால் இன்னொன்றில் வேறு கணக்கு. அவற்றுக்கிடையே ஒரு கோப்பைச் சேதமில்லாமல் நகர்த்துவதுதான் அன்றைய பெரிய சவால். யார் யாரைக் கூப்பிடலாம் என்பது ஒரு கேள்வியாகவே எழவில்லை. வலையில் இருக்கும் எந்தக் கணினியும் வேறு எந்தக் கணினியையும் கூப்பிடலாம். வலை என்றால் அதுதானே?

அடுத்தடுத்த திருத்தங்களில் எஃப்.டி.பி. ஒரு தனித்துவமான உடலமைப்பைப் பெற்றது. ஜான் போஸ்டல், ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் இருவரும் 1985 அக்டோபரில் எழுதிய ஆர்.எஃப்.சி. 959-தான் இன்றுவரை அதன் அடிப்படை ஆவணம். அதன்படி ஒரு கோப்பை மாற்ற இரண்டு இணைப்புகள் வேண்டும். ஒன்று பேச்சுக்கு; இன்னொன்று சரக்குக்கு. பேச்சு இணைப்பு 21-ஆம் போர்ட்டில் தொடங்கி, வேலை முடியும்வரை திறந்தே இருக்கும். சரக்கு இணைப்பு ஒவ்வொரு கோப்புக்கும், ஒவ்வொரு பட்டியலுக்கும்கூட, புதிதாகத் திறந்து வேலை முடிந்ததும் மூடிக்கொள்ளும்.

எதற்கு இந்த இரட்டை ஏற்பாடு? ஒரு கோப்பு பாதி வந்துகொண்டிருக்கும்போதே நிறுத்து என்று சொல்ல வழி வேண்டும் என்பது ஒரு காரணம். எனக்குப் பிடித்தது மற்றொன்று. உங்கள் முன்னால் இருப்பது திரையும் விசைப்பலகையும் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு பாஸ்டன் கணினியில் இருக்கிறது, போக வேண்டியது கலிஃபோர்னியா கணினிக்கு. அது உங்கள் வழியாக வந்து போவானேன்? நீங்கள் இரண்டு கணினிகளோடும் தனித்தனியே ஒரு பேச்சு இணைப்பைத் திறக்கிறீர்கள். ஒன்றிடம் நீ காத்திரு என்கிறீர்கள், மற்றதிடம் அதைப் போய்ப் பார் என்கிறீர்கள். சரக்கு அவற்றுக்கிடையே நேராக ஓடுகிறது. 959-ஆம் ஆவணத்தில் இதற்கு ஒரு படமே போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அழகான சிந்தனை. பிற்காலத்துத் தலைவலிகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்பின.

மூன்றாவது ஆள் ஒருவர் இருவரைச் சேர்த்துவைக்க வேண்டுமானால், இன்னாரை இந்த முகவரியில் போய்ப் பார் என்று பேச்சுக்குள்ளேயே சொல்லியாக வேண்டும். எஃப்.டி.பி. அதைத்தான் செய்கிறது. அதன் பேச்சு மனிதர் படிக்கக்கூடிய எழுத்துகளில் நடக்கிறது. சர்வர் 220 என்று ஆரம்பித்து வணக்கம் சொல்லும். 331 என்றால் கடவுச்சொல் வேண்டும். 230 என்றால் உள்ளே வந்தாயிற்று. முதல் இலக்கம் 2 என்றால் நல்லபடி முடிந்தது, 4 என்றால் இப்போதைக்கு முடியாது, 5 என்றால் முடியவே முடியாது. வலைத்தளங்களில் பார்க்கும் 404-உம் இதே குடும்பத்து வழக்கம்தான். இந்தப் பேச்சின் நடுவே ‘போர்ட்’ என்றொரு கட்டளை. அதன் பின்னால் காற்புள்ளி போட்டு ஆறு எண்கள் வரும்: 192,168,1,5,195,80. முதல் நான்கும் கணினியின் ஐபி முகவரி. கடைசி இரண்டைச் சேர்த்தால் போர்ட் எண்: 195-ஐ 256-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்டினால் 50,000. அதாவது, ‘நான் 192.168.1.5-இல் இருக்கிறேன், 50,000-ஆம் போர்ட்டில் காத்திருக்கிறேன், சரக்கோடு வா.’ சர்வர் தன்னுடைய 20-ஆம் போர்ட்டிலிருந்து கிளம்பி அந்த முகவரியைத் தேடி வரும். கூப்பிட்டது நாம், திரும்பக் கூப்பிடுவது சர்வர்.

இப்படித் திரும்பக் கூப்பிடும் வழக்கத்துக்கு இரண்டு பக்கமிருந்தும் அடி விழுந்தது.

முதல் அடி 1988 நவம்பர் 2-ஆம் தேதி. ராபர்ட் மாரிஸ் என்ற கார்னெல் பல்கலைக்கழக மாணவர் எழுதிய ஒரு நிரல், கணினிக்குக் கணினி தானாகத் தாவி, அன்றைய மதிப்பீட்டில் சுமார் 6,000 கணினிகளை முடக்கியது. எந்தக் கணினியும் எந்தக் கணினியையும் கூப்பிடலாம் என்ற சுதந்திரத்தின் மறுபக்கம் அன்று எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குப் பின் நிறுவனங்கள் தங்கள் வலையின் வாயிலில் ஃபயர்வால்களை நிறுத்தத் தொடங்கின. உள்ளிருந்து வெளியே கூப்பிடலாம். வெளியிலிருந்து உள்ளே கூப்பிடக் கூடாது.

இரண்டாவது அடிக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை. அது வெறும் எண்ணிக்கைப் பிரச்சினை. ஐபி முகவரி 32 பிட் நீளமுள்ளது. ஆகவே மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். எழுபதுகளில் அது சமுத்திரம் போலத் தெரிந்திருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே தீர்ந்துவிடும் என்று பயம் வந்தது. (பயம் வீண்போகவில்லை. மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது.) 1994 மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 1631-இல் எகெவாங், ஃபிரான்சிஸ் என்ற இருவர் ஒரு தற்காலிக உபாயத்தை விவரித்தார்கள். அதுதான் ‘நாட்’ எனப்படும் முகவரி மாற்றம். வீட்டுக்குள் உள்ள கணினிகளுக்கு 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகள். அவை யாருக்கும் சொந்தமில்லாதவை. எந்த வீட்டிலும், எத்தனை வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம். வெளியுலகுக்கு வீடு முழுவதற்கும் ஒரே முகவரி, ரூட்டருடையது.

தொலைபேசி அரிதாக இருந்த காலத்தில் விசிட்டிங் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் ஓர் எண்ணைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்திருப்பார்கள். எண் பக்கத்து மளிகைக் கடையினுடையதாக இருக்கும். வீட்டு ரூட்டர் அந்தக் கடைக்காரர்தான். நீங்கள் கடைக்குப் போய் யாரையாவது கூப்பிட்டுப் பேசிவிட்டு, ‘திரும்பக் கூப்பிடுவார்கள் அண்ணாச்சி’ என்று சொல்லிவிட்டு நின்றால், அடுத்த மணி உங்களுக்கு என்று அவருக்குத் தெரியும். முன்பின் சொல்லாமல் வெளியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, யார் வேண்டும் என்றும் சொல்லாவிட்டால் அவர் யாரைக் கூப்பிடுவார்? ரிசீவரை வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்ப்பார். ரூட்டரில் அப்படியொரு நினைவுப் பட்டியல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது: உள்ளே எந்த முகவரி, எந்த போர்ட்டிலிருந்து, வெளியே எந்த முகவரியைக் கூப்பிட்டது என்று. கைபேசி, டி.வி., மடிக்கணினி என்று நாலைந்து சாதனங்கள் உள்ள வீட்டில் அந்தப் பட்டியல் எளிதாக நூற்றுக்கணக்கான வரிகளைத் தொடும். பட்டியலில் இல்லாத அழைப்பு வந்தால் ரூட்டர் அதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். முகவரிப் பஞ்சத்துக்காகக் கண்டுபிடித்த உபாயம் இப்படித்தான் ஃபயர்வாலின் வேலையையும் சேர்த்துச் செய்யத் தொடங்கியது.

இனி எஃப்.டி.பி.யின் திரும்ப அழைக்கும் வழக்கத்தைப் பாருங்கள். கடைக்காரர் பட்டியலில் இருப்பது 21-க்குப் போன அழைப்பு. திரும்பி வருவதோ 20-லிருந்து புறப்பட்ட வேறொரு அழைப்பு. அது யாரோ ஒரு அந்நியன். கதவு திறக்காது.

ஸ்டீவன் பெல்லோவின் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 1994 பிப்ரவரியில் ஒரு குறிப்பு எழுதினார், ஆர்.எஃப்.சி. 1579. சில பக்கங்கள்தான். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், ஏற்கெனவே இருக்கும் ‘பாசிவ்’ கட்டளையை வழக்கமாக்கிக்கொள்வோம் என்பது அவர் யோசனை. அந்த மூன்றாவது ஆள் விளையாட்டில், நீ காத்திரு என்று ஒரு சர்வரிடம் சொல்ல வைத்திருந்த கட்டளை அது. அதையே எல்லாரும் பயன்படுத்தினால் சரக்கு இணைப்பையும் நாமே திறப்போம். சர்வர் ஒரு போர்ட்டைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும். இரண்டு அழைப்புகளும் உள்ளிருந்து வெளியே போவதால் நம் பக்கத்து ஃபயர்வாலுக்கு ஆட்சேபம் இல்லை. எஃப்.டி.பி.யின் ஆயுளை இந்த யோசனை வெகுகாலம் நீட்டித்தது.

ஆனால் அதற்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருந்தது. சர்வர் என்பது எங்கோ ஒரு நிறுவனத்தில், வெளிமுகவரியோடு, எல்லோரும் கூப்பிடும்படி நிற்கும். வீட்டு மேசைக்கடியில் ரூட்டருக்குப் பின்னால் சர்வர் வைக்கிறவர்களை அது நினைத்துப்பார்க்கவில்லை. பாசிவ் முறை சிக்கலைத் தீர்க்கவில்லை என்றே சொல்வேன்; கூப்பிடுபவர் தலையிலிருந்து இறக்கிச் சர்வரின் தலையில் ஏற்றியது.

நம் மடிக்கணினிக்கு என்ன நடந்தது என்பது இப்போது தெளிவு. ரூட்டரில் 21-ஐத் திறந்தது, அந்த எண்ணுக்கு யார் கேட்டாலும் மாடி வீட்டு ஆளைக் கூப்பிடுங்கள் என்று கடைக்காரரிடம் சொல்லிவைத்த மாதிரி. ஆகவே பெயரும் கடவுச்சொல்லும் ஒழுங்காகப் போய்வந்தன. பட்டியல் கேட்டதும் சர்வர் 227 என்று பதில் அனுப்பியது. அடைப்புக்குறிக்குள் அதே ஆறு எண்கள்: 192,168,1,5,195,80. சர்வருக்குத் தெரிந்த தன் முகவரி அது ஒன்றுதான். பொய் சொல்லவில்லை. ஆனால் வெளியூரில் இருக்கும் மகளின் கணினி 192.168.1.5-ஐத் தேடினால் அது எங்கே போகும்? அவள் வீட்டுக்குள்ளேயே போகும். அங்கே அந்த முகவரியில் யாரும் இல்லாமல் இருக்கலாம், ஸ்மார்ட் டி.வி. இருந்தாலும் ஆச்சரியமில்லை. சரக்கு கேட்டு டி.வி.யின் கதவைத் தட்டிவிட்டு ஓய்ந்துபோகிறது மென்பொருள். ஒருவேளை சரியான வெளிமுகவரியே போயிருந்தாலும் 50,000-ஆம் போர்ட்டை ரூட்டரில் யார் திறந்தார்கள்?

இந்த இடத்தில் ரூட்டர் தயாரிப்பாளர்கள் செய்த ஒரு வேலை, பொறியியலில் நான் அறிந்த விநோதங்களில் மேலானது. சாதாரணமாக ரூட்டர் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலேயுள்ள முகவரிப் பகுதியை மட்டும் பார்க்கும், அதை மட்டும் மாற்றும். எஃப்.டி.பி.யில் முகவரி உள்ளேயும் எழுதப்பட்டிருக்கிறதே! ஆகவே 21-ஆம் போர்ட்டில் ஓடும் பேச்சை ரூட்டர் ஒட்டுக் கேட்கிறது. எழுத்தெழுத்தாகப் படிக்கிறது. 227 கண்ணில் பட்டதும் உள்முகவரியை அழித்துத் தன் வெளிமுகவரியை அங்கே எழுதுகிறது. கூடவே அந்த ஒரு போர்ட்டைச் சற்று நேரத்துக்குத் திறந்தும் வைக்கிறது.

சொல்ல எளிது. 192,168,1,5 என்பதில் காற்புள்ளிகளைச் சேர்த்து 11 எழுத்துகள். ரூட்டரின் வெளிமுகவரி 203.0.113.45 என்று வைத்துக்கொண்டால், 203,0,113,45 என்பதில் 12. ஓர் எழுத்து கூடிவிட்டது. இணையத்தின் போக்குவரத்தை நடத்தும் டி.சி.பி. முறையில் அனுப்பும் ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் உண்டு. இதுவரை இத்தனை பைட் வந்து சேர்ந்தது என்று மறுமுனை அவ்வப்போது கணக்குச் சொல்லும். கணக்குப் பொருந்தாவிட்டால் இணைப்பு குழம்பிப்போகும். நடுவில் ஓர் எழுத்தைச் செருகிய ரூட்டர், அந்த இணைப்பு முடியும்வரை வெளியே போகும் ஒவ்வொரு பொட்டலத்தின் வரிசை எண்ணிலும் ஒன்றைக் கூட்ட வேண்டும்; உள்ளே வரும் ஒவ்வொரு ஒப்புகையிலும் ஒன்றைக் கழிக்க வேண்டும். அடுத்த கோப்புக்கு இன்னொரு 227 வந்தால் வித்தியாசம் இரண்டாகும். பொட்டலம் வழியில் தொலைந்து மறுபடி அனுப்பப்பட்டால், அது திருத்தத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று பார்த்து அதற்கேற்பக் கூட்ட வேண்டும். இருமுனைகளிலும் உள்ள கணினிகளுக்கு இப்படியொரு கணக்குப்பிள்ளை நடுவில் உட்கார்ந்திருப்பது கடைசிவரை தெரியாது. 1994-இன் அந்த ‘நாட்’ ஆவணமே இந்தச் சிக்கலை எடுத்துச் சொல்லியிருக்கிறது. முகவரியைப் போய் எழுத்துகளில் அனுப்புகிறார்களே என்று ஆச்சரியக்குறி போட்டுத்தான்.

சாமர்த்தியம்தான், சந்தேகமில்லை. ஆனால் அடுத்தவர் பேச்சைப் படித்துத் திருத்தும் சாமர்த்தியம் நிலைக்காது. 21-ஐத் தவிர வேறு எண்ணில் சர்வரை வைத்தால் பெரும்பாலான ரூட்டர்கள் அதை எஃப்.டி.பி. என்றே அடையாளம் காணாது. பேச்சை டி.எல்.எஸ். கொண்டு மறைகுறியாக்கினாலோ ரூட்டரின் கண்ணுக்கு வெறும் இரைச்சல்தான் தெரியும். 227-ஐ எங்கே தேடும்? பாதுகாப்பைக் கூட்டியதும் வேலை செய்துகொண்டிருந்தது நின்றுபோகிறதே என்று பலர் திகைப்பது இதனால்தான். இன்னொரு பக்கம், இப்படி ஒட்டுக் கேட்டுக் கதவைத் திறக்கும் பழக்கத்தையே ஏமாற்றவும் முடிந்தது. சாமி கம்கார் என்ற ஆய்வாளர் 2020-இல் காட்டியபடி, இணையத் தொலைபேசிக்காக ரூட்டரில் வைத்திருந்த இதே மாதிரியான உதவியை ஒரு வலைப்பக்கம் தூண்டிவிட்டு, உள்ளே இருக்கும் கணினிக்கு வெளியிலிருந்து வழி திறக்க முடிந்தது. உலாவி நிறுவனங்கள் அவசர அவசரமாக அந்த போர்ட்டுகளை அடைத்தன.

‘போர்ட்’ கட்டளையின் தாராள மனசும் முன்பே துஷ்பிரயோகம் ஆகியிருந்தது. யாருடைய முகவரியை வேண்டுமானாலும் அதில் எழுதலாம் அல்லவா? ஒரு அப்பாவி சர்வரிடம் மூன்றாம் ஆளின் முகவரியைக் கொடுத்து, அவன் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வைக்கும் தந்திரம் தொண்ணூறுகளின் நடுவிலேயே பிரபலம். தட்டியவன் யார் என்று பார்த்தால் அப்பாவியின் பெயர்தான் தெரியும். அதனால் இன்றைய சர்வர்கள் பெரும்பாலும், பேசிக்கொண்டிருப்பவரின் முகவரியைத் தவிர வேறு எதையும் ஏற்பதில்லை. அந்தப் பழைய அழகான படம் இப்படித்தான் வழக்கொழிந்தது.

ரூட்டரின் தயவை நம்பாமல் செய்யக்கூடிய வழி ஒன்று உண்டு. கொஞ்சம் பொறுமை வேண்டும். சர்வரின் அமைப்பில் பாசிவ் இணைப்புகளுக்கு ஒரு குறுகிய போர்ட் வரம்பைக் குறித்துவிட வேண்டும், உதாரணமாக 50,000 முதல் 50,050 வரை. ரூட்டரில் 21-ஐயும் அந்த வரம்பு முழுவதையும் அதே கணினிக்குத் திருப்பிவிட வேண்டும். அந்தக் கணினிக்கு உள்முகவரி நாளுக்கு நாள் மாறாதபடி ரூட்டரில் நிலைநிறுத்த வேண்டும். கணினியின் சொந்த ஃபயர்வாலிலும் அதே எண்களை அனுமதிக்க வேண்டும். இதை மறந்துவிட்டு ரூட்டரைத் திட்டுபவர்கள் அதிகம். கடைசியாக, 227-இல் சொல்ல வேண்டிய வெளிமுகவரி இதுதான் என்று சர்வருக்கே சொல்லிவிட வேண்டும். சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. வீட்டு இணைப்பின் வெளிமுகவரி அவ்வப்போது மாறக்கூடியது என்பதால், மாறும் முகவரியைத் துரத்தி ஒரு பெயரோடு கட்டிவைக்கும் டைனமிக் டி.என்.எஸ். சேவை ஒன்றும் தேவைப்படும்.

சோதிக்கும்போது வீட்டு வைஃபையில் இருந்தபடி வெளிமுகவரியைக் கூப்பிட்டுப் பார்க்காதீர்கள். தன் முகவரிக்குத் தன் வீட்டுக்குள்ளிருந்தே வரும் அழைப்பைப் பல ரூட்டர்களுக்குக் கையாளத் தெரியாது. வெளியில் சரியாக வேலை செய்வது உள்ளே தோற்பது போலத் தெரியும். கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் முயன்றால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும்.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு குறும்பு பாக்கி இருக்கும். நாலைந்து ஜி.பி. வீடியோ ஒன்று ஒரு மணி நேரமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு நேரமும் சரக்கு இணைப்பு பரபரப்பாக இருக்க, பேச்சு இணைப்பில் ஒரு வார்த்தை கிடையாது. ரூட்டரின் நினைவுப் பட்டியலுக்கு இடம் குறைவு. வெகுநேரம் பேசாத வரியை அழித்துவிடும். குறைந்தது 2 மணி 4 நிமிடமாவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்று ஆர்.எஃப்.சி. 5382 சொல்கிறது. மலிவான ரூட்டர்கள் அவ்வளவு பொறுமைசாலிகள் இல்லை. கோப்பு கடைசி பைட் வரை வந்து சேர்ந்துவிடும். முடிந்தது என்று சொல்ல வேண்டிய 226 மட்டும் வந்து சேராது. மென்பொருள் தோல்வி என்று அறிவித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். முழுதாக வந்த கோப்பைத் தோல்வி என்று சொல்லும் இந்தக் கூத்து, இரட்டை இணைப்பின் வாரிசுச் சொத்து.

இனி ஒரு கெட்ட செய்தி. இந்தியாவில் வீட்டு பிராட்பேண்ட் வைத்திருக்கும் பலருக்கு மேலே சொன்ன எதுவும் பலிக்காது. முகவரிப் பஞ்சத்தால் இணைப்பு கொடுக்கும் நிறுவனங்களே தங்கள் பக்கம் இன்னொரு ‘நாட்’ வைத்திருக்கின்றன. கடைக்காரருக்கே சொந்தத் தொலைபேசி கிடையாது, அவரும் தெருக்கோடிக் கடையின் பி.பி. எண்ணைத்தான் கொடுத்திருக்கிறார் என்ற நிலை. அந்த இரண்டாவது கடையில் போய்ச் சொல்லிவைக்க நமக்கு உரிமையில்லை. கண்டுபிடிப்பது சுலபம். ரூட்டரின் பக்கத்தில் அதன் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்குகிறதா பாருங்கள். இந்த ஏற்பாட்டுக்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்ட சுமார் 42 லட்சம் முகவரிகள் அவை. 10 என்றோ 192.168 என்றோ தொடங்கினாலும் அதே கதைதான். கூடுதல் கட்டணம் கட்டி நிலையான முகவரி வாங்கலாம், கிடைக்கிற இடத்தில்.

அப்படி வாங்கி எஃப்.டி.பி. சர்வர் வைக்கத்தான் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். டி.எல்.எஸ். போர்வை இல்லாத எஃப்.டி.பி.யில் கடவுச்சொல் அப்படியே, படிக்கக்கூடிய எழுத்துகளில் போகிறது. 21-ஐத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே யார் யாரோ தானியங்கி நிரல்கள் வந்து பொதுவான கடவுச்சொற்களைப் போட்டுப் பார்ப்பதை சர்வரின் பதிவேட்டில் காணலாம். டெபியன் அமைப்பு தன் பொது எஃப்.டி.பி. சேவையை 2017-இல் நிறுத்தியது. ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் 2021-இல் எஃப்.டி.பி.யைக் கைவிட்டன.

மாற்று 1995-லேயே வந்துவிட்டது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக் கேட்டுத் திருடியதையடுத்து, தாத்து உலோனென் என்ற ஆய்வாளர் எஸ்.எஸ்.எச். என்ற மறைகுறி இணைப்பை உருவாக்கினார். அதற்கு ஒரு போர்ட் எண் வேண்டியிருந்தது. எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23. இரண்டுக்கும் மாற்றாக வருவதால் நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு எழுதினார். மறுநாளே அதை ஒதுக்கிப் பதில் போட்டவர் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ், பத்தாண்டுகளுக்கு முன் 959-ஐ எழுதிய இருவரில் ஒருவர். எஸ்.எஸ்.எச்.சுக்குள் ஓடும் எஸ்.எஃப்.டி.பி.க்கும் எஃப்.டி.பி.க்கும் பெயரில்தான் உறவு. பேச்சும் சரக்கும் ஒரே இணைப்பில் போகின்றன. உள்ளே எங்கும் முகவரி எழுதுவதில்லை. ரூட்டரில் ஒரே ஒரு போர்ட் திறந்தால் போதும். கடவுச்சொல்லை முடக்கிச் சாவிக் கோப்பு வைத்துக்கொண்டால் அந்தத் தானியங்கி நிரல்கள் முட்டிக்கொண்டு திரும்பும்.

அந்த ஒரு போர்ட்டைக்கூடத் திறக்க முடியாத, இரட்டைக் கடைக்காரர் வீடுகளுக்கு என்ன வழி? இரு பக்கமும் வெளியே மட்டுமே கூப்பிட முடியும் என்றால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஒருவரையொருவர் வெளியே கூப்பிட வேண்டியதுதான். இரண்டு கணினிகளும் முதலில் வெளியே உள்ள ஒரு பொதுச் சர்வரைத் தொடர்புகொள்கின்றன. ஒவ்வொன்றும் வெளியிலிருந்து பார்க்க எந்த முகவரியில், எந்த போர்ட்டில் தெரிகிறது என்பதை அது மற்றதற்குச் சொல்லிவிடுகிறது. உடனே இரண்டும் ஒன்றையொன்று நோக்கிப் பொட்டலம் அனுப்புகின்றன. முதலில் போனது எதிர்ப்பக்க ரூட்டரில் தட்டுப்பட்டு விழலாம். விழட்டும். போகிற போக்கில் அது தன் பக்க ரூட்டரின் பட்டியலில் ஒரு வரி எழுதிவிட்டது. எதிரிலிருந்து வரும் பொட்டலத்தை, நாம் கேட்ட பதில்தான் என்று நினைத்து ரூட்டர் உள்ளே விட்டுவிடுகிறது. மறுபக்கத்திலும் அப்படியே. டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் இந்த உத்தியைப் பயன்படுத்தித்தான் இரண்டு வீடுகளுக்கிடையே வயர்கார்டு என்ற மறைகுறிச் சுரங்கத்தை அமைக்கின்றன. ஒவ்வொரு அழைப்புக்கும் வெளி போர்ட்டை மாற்றிக்கொண்டே இருக்கும் கறாரான ரூட்டர்களிடம் இது பலிக்காது. அப்போது சரக்கு நடுவில் உள்ள சர்வர் வழியாகச் சுற்றிப் போகும், வேகம் குறையும்.

சுரங்கம் அமைந்துவிட்டால் அதற்குள் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு சொந்த முகவரி உண்டு. யாரும் யாரையும் கூப்பிடலாம். ரூட்டர் எதையும் படிப்பதில்லை, எண்ணைக் கூட்டுவதும் இல்லை. பழைய எஃப்.டி.பி.யை அதற்குள் ஓடவிட்டால் 227-இல் வரும் முகவரி சரியான முகவரியாகவே இருக்கிறது. கணினிகளின் சொந்த ஃபயர்வால் மட்டும் குறுக்கே நிற்காவிட்டால், 20-ஆம் போர்ட்டிலிருந்து சர்வர் திரும்பக் கூப்பிடும் ஆதிகால முறைகூட நடக்கிறது. ஒரேயொரு காரியம்: சுரங்கத்தின் இரு முனைகளும் சுமார் 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு வெற்றுப் பொட்டலத்தையாவது அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ரூட்டர் மறந்துவிடும்.